சிரட்டைக் கிண்ணத்தில் பி.யூ. வார்னிஷ் அடித்து ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் கையில் ஒட்டுகிறது

குமரிச்சிரட்டை (அக்டோபர் 17, இரவு 9.20)

வணக்கம். ஊர் நாகர்கோவில் பக்கம். வீட்டில் இருந்தபடியே சிரட்டையில் கிண்ணம், கரண்டி, விளக்குக் கூடு செய்து விற்கிறேன். (சென்னைக்காரர்களுக்கு: சிரட்டை என்றால் கொட்டாங்குச்சி.) இதுவரை தேன்மெழுகு போட்டுத் தேய்த்துக் கொடுத்ததில் ஒரு குறையும் வந்ததில்லை. கார்த்திகை மாதக் கல்யாணம் ஒன்றுக்குத் தாம்பூலப் பையில் வைக்க 40 கிண்ணம் கேட்டார்கள். "கண்ணாடி மாதிரி மினுங்கணும்" என்றார்கள். பெயின்ட் கடையில் கேட்டேன். டூ கே பி.யூ. கிளியர் (இரண்டு டின் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் வார்னிஷ்) கொடுத்தார்கள். ஒரு டின் பேஸ், அதை இறுகவைக்க ஒரு சின்ன டின் ஹார்டனர், இளக்கத் தின்னர்.

80, 120, 220 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சிரட்டை கறுப்புப் பளிங்கு மாதிரி வந்தது. கலந்து, பிரஷ்ஷால் நாற்பதுக்கும் ஒரே சாயங்காலத்தில் அடித்து முடித்தேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள். விரல் வைத்தால் ரேகை பதிகிறது. அது போதாதென்று பாதிக் கிண்ணத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். சிலதில் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழ்.

பெயின்ட் மட்டமா, என் கை மட்டமா? யாராவது சொல்லுங்கள்.

உப்புத்தாள் (அக்டோபர் 17, இரவு 10.05)

தங்கச்சி, கோயம்புத்தூரில் இருபத்திரண்டு வருஷமாக மரப் பாலிஷ் வேலை செய்கிறேன். பெயின்டைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. தின்னர் டின்னில் என்ன எழுதியிருக்கிறது? பி.யூ. தின்னர் என்று இருக்கிறதா, வெறும் தின்னர் என்றா? வெறும் தின்னர் என்றால் அது அநேகமாக என்.சி. தின்னர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கானது. கடையில் "எல்லாத்துக்கும் இதுதான்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாத்துக்கும் ஆகாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அலமாரி முழுக்க இப்படி அடித்து, கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டு, வீட்டம்மா இழுத்த இழுப்பில் பிடி கையோடு வந்தது.

அப்புறம், எப்படி அளந்தீர்கள்?

பழைய ஆய்வகம் (அக்டோபர் 18, காலை 6.40)

உப்புத்தாள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் பெயின்ட் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டூ கே பி.யூ.வில் பேஸ் என்பது பாலியால். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தின்னர் பறந்துபோவதோடு வேலை முடிவதில்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பின்னிக்கொண்டால்தான் படலம் கெட்டிப்படும். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்த வினை இது. மெத்தை நுரை, ஷூவின் அடிப்பாகம், ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் நுரை எல்லாம் இதே குடும்பம். (அந்த பேயருக்கும் பேயர் கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்துக்கும் உறவு இல்லை. பெயர்தான் ஒன்று.)

ஐசோசயனேட் ஆள் பார்த்து வினை புரியாது. பாலியால் கிடைத்தாலும் சரி, ஆல்கஹால் கிடைத்தாலும் சரி, தண்ணீர் கிடைத்தாலும் சரி. என்.சி. தின்னரில் ஆல்கஹால் வகைகள் சேர்ந்திருக்கும், கொஞ்சம் ஈரமும் இருக்கும். பந்தியில் அழைக்காதவர்கள் முதலில் உட்கார்ந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எங்கே உட்காருவது? ஹார்டனர் பாதி அவர்களுக்கே செலவாகிவிடும், பாலியால் ஜோடி இல்லாமல் பிசுபிசுவென்று நிற்கும். ஒன்பது நாளில் காயாதது தொண்ணூறு நாளிலும் காயாது. தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும், உங்கள் குமிழ்கள் அதுவாக இருக்கலாம். மழை நாளில் அடித்தீர்களா?

குழிகள் தனிக் கதை. பெயின்ட் நிற்க மறுத்து விலகி ஓடும்போது வருவது, தொழிலில் மீன் கண் என்பார்கள். அடியில் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் அடித்திருப்பது தேங்காய் ஓட்டின்மேல் அம்மா! ஆளிவிதை எண்ணெய் என்றால் காற்றுப் பட்டு இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது, நூறு வருஷமானாலும் எண்ணெயாகவே இருக்கும். உப்புத்தாள் போட்டால் போகாது, பரவும்.

குமரிச்சிரட்டை (அக்டோபர் 18, பகல் 1.15)

ஐயா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக ஒத்துக்கொள்கிறேன்.

தின்னர் டின்னில் "பொது உபயோகத்துக்கு" என்று இருக்கிறது. பேஸ் டின்னில் 2:1 என்று போட்டிருக்கிறது. நான் எவர்சில்வர் டம்ளரில் கண்ணளவாக ஊற்றினேன். அன்றைக்கு மழை; துணியே காயவில்லை, அதில் பெயின்ட் காயும் என்று நினைத்திருக்கிறேன். சிரட்டையைத் தண்ணீரில் அலசினேன், சோப்பு போடவில்லை. போதாததற்கு, உள்ளே கொஞ்சம் தேங்காய்ப் பருப்பு ஒட்டியிருந்ததை ஆக்சா பிளேடால் சுரண்டி, அதே பிளேடால் வெளிப்புறத்தையும் சுரண்டினேன்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இதில் நான் சரியாகச் செய்தது ஏதாவது உண்டா?

உப்புத்தாள் (அக்டோபர் 18, பகல் 1.50)

220 வரைக்கும் தேய்த்தது சரி :) அதற்குமேல் நைசாகத் தேய்த்திருந்தால் பிடிப்பு குறைந்திருக்கும்.

அளவு விஷயம். பெரிய வேலையில் லிட்டர் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தாங்கும். உங்களுக்கு ஒரு கிண்ணத்துக்கு உள்ளும் வெளியும் சேர்த்து ஒரு கோட்டுக்கு 5 மில்லிதான் பிடிக்கும். முப்பது மில்லி கலக்கும்போது இரண்டு மில்லி தவறினாலே தவறுதான். மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்குங்கள். பேஸுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று, மாற்றக் கூடாது. தின்னர் பட்டால் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் ஊதிக்கொண்டு நகராது, அதனால் ஒரு நாள்தான் வரும். அடுத்த நாள் புதிது.

2:1 என்பது அளவிலா எடையிலா என்று டின்னில் பாருங்கள். சில கம்பெனி எடையில் கொடுப்பார்கள். அப்படியென்றால் நகைத் தராசு மாதிரி வரும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும்.

கலந்ததைப் பத்து நிமிஷம் சும்மா வையுங்கள், கலக்கும்போது ஏறிய காற்று வெளியே போகும். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கைக்கு வரும். அதற்குமேல் தேன் மாதிரி ஆகிவிடும். அப்போது தின்னர் ஊற்றி இளக்கி அடிக்கிற ஆளைப் பார்த்தால் பிரஷ்ஷைப் பிடுங்கி வையுங்கள்.

கொலுப்படி (அக்டோபர் 18, மாலை 5.30)

எல்லாரும் டூ கேயை எப்படிச் சரிசெய்வது என்றே பேசுகிறீர்கள். வீட்டில் வைத்து அடிக்கிற பெண்ணுக்கு டூ கே எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையே!

நான் காகிதக் கூழ் பொம்மைக்கும் களிமண் பொம்மைக்கும் வண்ணம் தீட்டுகிறவள். எனக்குத் தண்ணீர் கலந்து வரும் வாட்டர் பேஸ்டு பி.யூ.தான். டின்னில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் கண்ணாடி. பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவிவிடலாம். நாற்றம் குறைவு. மஞ்சளடிக்காது. வெள்ளைக் கன்றுக்குட்டி ஐந்து வருஷம் கழித்தும் வெள்ளையாக இருக்க வேண்டாமா?

ஒரு தடவை சாலிடாக இருக்கட்டும் என்று டூ கே எடுத்தேன். பொம்மையில் சில இடம் எனாமல், சில இடம் அக்ரிலிக். எனாமல் அடித்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. டூ கே பட்ட அரை மணியில் பெருமாளின் மஞ்சள் பீதாம்பரம் பொரித்த அப்பளம் மாதிரி சுருங்கி எழுந்தது. ஆர்டர் கொடுத்த மாமி போனில் "அது என்னடி, பட்டைக் கசக்கிக் கட்டியிருக்கா மாதிரி" என்றார்.

அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தபின் மேலே வாட்டர் பேஸ்டு அடிப்பதில் எனக்கு இதுவரை தப்பு வந்ததில்லை. போஸ்டர் கலர் மட்டும் கரைந்து இழுக்கும், ஜாக்கிரதை. மரத்தில் அடித்தால் முதல் கோட்டில் நார் எழும்பிச் சொரசொரவென்று ஆகும், 320இல் ஒரு தடவு தடவி இரண்டாம் கோட் போட வேண்டும். ஸ்டீல் வுல் வைத்துத் தேய்க்காதீர்கள். துணுக்கு உள்ளே மாட்டித் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளி வரும்.

உப்புத்தாள் (அக்டோபர் 18, இரவு 8.10)

அக்கா, பொம்மை கொலுவில் பத்து நாள் உட்கார்ந்துவிட்டுப் பரணுக்குப் போகிறது. கிண்ணம் அப்படியா? கழுவுவார்கள், தேய்ப்பார்கள், சுடச்சுடப் பாயசம் ஊற்றுவார்கள். தாங்குவது என்று பார்த்தால் டூ கேதான். வாட்டர் பேஸ்டிலும் ஹார்டனர் சேர்க்கிற வகை உண்டு, அது நல்ல சரக்கு, ஆனால் சின்ன டின்னில் கிடைப்பது கஷ்டம்.

மஞ்சளடிப்பது ஹார்டனரைப் பொறுத்தது. மலிவான ஹார்டனர் வெயில் பட்டால் மஞ்சளடிக்கும். "மஞ்சளடிக்காதது" என்று தனியாகக் கேட்டு வாங்கினால் விலை கூட, ஆனால் அடிக்காது. கறுப்புச் சிரட்டைக்கு இரண்டும் ஒன்றுதான், காசை மிச்சம் பிடிக்கலாம்.

கொலுப்படி (அக்டோபர் 18, இரவு 8.25)

என் பொம்மை பரணில் தூங்குவதில்லை தம்பி, வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வருஷம் பூரா நிற்கிறது. சரி, அது போகட்டும். சுடச்சுடப் பாயசம் ஊற்றுகிற கிண்ணத்துக்கு உள்ளே எதற்குப் பெயின்ட்?

புதுத்தூரிகை (அக்டோபர் 19, காலை 11.00)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் கைவினைதான், ரெசின் கோஸ்டர். இரண்டு சந்தேகம். ஒன்று, என்னிடம் ஏர்பிரஷ் இருக்கிறது, அதில் டூ கே போட்டு அடித்தால் பிரஷ் கோடு வராதே? இரண்டு, ஐசோசயனேட் என்றால் போபாலில் கசிந்த அதே விஷம்தானா? கூகுளில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை.

பழைய ஆய்வகம் (அக்டோபர் 19, பகல் 12.30)

தம்பி, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பூச்சிமருந்து செய்ய வைத்திருந்தது. சுமார் 39 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும் சின்ன மூலக்கூறு. மர பி.யூ. ஹார்டனரில் இருப்பது வேறு. ஹெச்.டி.ஐ., டி.டி.ஐ. போன்ற டைஐசோசயனேட்களைப் பல சேர்த்துப் பெரிதாக்கிய மூலக்கூறுகள். அவ்வளவு லேசில் ஆவியாகாது. அதே விஷமா என்றால் இல்லை.

அதற்காக அலட்சியமும் வேண்டாம். இதன் குணம் வேறு விதமானது. சிலருக்கு உடம்பு இதற்குப் பழகுவதற்குப் பதில் பகையாகிவிடும். ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும், வாழ்நாளுக்கும் அந்த வேலைக்கே போக முடியாது. கெடுதல் செய்யும் அளவில் இது மூக்குக்குத் தெரியாது. நீங்கள் முகர்வது தின்னரின் நாற்றம், அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல் டைஐசோசயனேட் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கைத் தொழிலில் பயன்படுத்துகிறவர்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சட்டம்.

இப்போது ஏர்பிரஷ். ஆவியாகாததை நீங்களே பனித்துளியாக்கி மூக்கின் முன்னால் பறக்கவிடுவதுதான் ஸ்ப்ரே. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் ஒன்றுக்கும் உதவாது. வெளியிலிருந்து காற்றுக் குழாய் வரும் முகமூடியும் ஸ்ப்ரே பூத்தும் இருக்கிற இடத்தில் அடிக்க வேண்டியது. வீட்டில் டூ கே ஸ்ப்ரே வேண்டாம். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

பிரஷ்ஷில் அடித்தாலும் திறந்த வெளி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. காய்ந்த டூ கேயைத் தேய்க்கும்போது வரும் தூளையும் மூச்சில் விடாதீர்கள், நனைத்துத் தேய்ப்பது நல்லது. வீட்டில் யாருக்காவது இளைப்பு உண்டா, குமரிச்சிரட்டை?

குமரிச்சிரட்டை (அக்டோபர் 19, பகல் 1.05)

அம்மாவுக்கு உண்டு. மழைக் காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. நான் அடித்தது பின்பக்கத் திண்ணையில். அடுக்களை ஜன்னல் அங்கேதான் திறக்கும்.

உப்புத்தாள் (அக்டோபர் 19, பகல் 1.20)

இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இப்படிக் கேட்கிற பழக்கமே இல்லை. என்னோடு வேலை கற்றுக்கொண்ட ஒருவன் இப்போது பழக்கடை வைத்திருக்கிறான், பாலிஷ் வாடை வந்தாலே இழுப்பு.

பனங்காய் (அக்டோபர் 20, இரவு 7.45)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடமும் சிரட்டைதான், கொட்டாங்குச்சி இல்லை :) நான் பனை மரத்தில் பேனைத் தாங்கி (உங்கள் பக்கம் பேனா ஸ்டாண்ட்), தட்டு எல்லாம் செய்கிறவன். ஹார்டனரைப் பற்றி ஒரு விஷயம். ஒருமுறை திறந்தால் மிச்சத்தைப் போத்தலுக்குள் இருக்கிற காற்றின் ஈரமே கெடுத்துவிடும். நான் சுத்தமாகக் கழுவி வெயிலில் காயவைத்த போளைகளை (உங்கள் பக்கம் கோலிக்குண்டு) ஒவ்வொன்றாக உள்ளே போடுவேன், மட்டம் வாய் வரைக்கும் ஏறும், காற்றுக்கு இடமிருக்காது. மூடியின் புரியைத் துடைத்துவிட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை உடைத்துத்தான் திறக்கலாம். கலங்கின ஹார்டனரை எறிந்துவிடுங்கள். டின் வீங்கியிருந்தால் முகத்துக்குக் கிட்ட வைத்துத் திறக்க வேண்டாம், உள்ளே வாயு.

பனையோலைப் பெட்டிக்கு பி.யூ. அடித்தும் பார்த்தேன். ஓலை விறைத்து, மடிப்பில் வெடித்துப்போனது. ஓலையைச் சும்மா விடுவதுதான் நல்லது.

குமரிச்சிரட்டை (நவம்பர் 3, காலை 10.30)

எல்லாருக்கும் கணக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் நாற்பதையும் கழற்றினேன். உப்புத்தாள் போட்டால் நாலு இழுப்பில் தாள் அடைத்துக்கொண்டு சப்பென்று ஆகிவிட்டது. பி.யூ. தின்னரில் நனைத்த பஞ்சை மேலே போர்த்திக் கால் மணி விட்டுச் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்கே மூன்று நாள். அம்மா சித்தி வீட்டில். நான் இந்தத் தடவை தென்னந்தோப்பில், கையுறையோடு.

பிறகு ஐயா சொன்ன எண்ணெய் விஷயத்துக்காக எல்லாவற்றையும் சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தேன். தண்ணீர்மேல் நுரைத்து மஞ்சளாக ஒரு ஆடை கட்டியது! சுத்தமான சிரட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலசி, மழை விட்ட நாலு நாள் வெயில் காட்டினேன்.

நேராக நாற்பதில் இறங்காமல் ஆறு சிரட்டையை எடுத்து, அடியில் பென்சிலால் எண் போட்டேன். முதல் இரண்டில் எல்லாம் முறைப்படி: சிரிஞ்ச் அளவு, பி.யூ. தின்னர், வெயில் நாள் காலை பத்து மணி. சாயங்காலமே தொட முடிந்தது, மூன்றாம் நாள் நகம் வைத்து அழுத்தினேன், இறங்கவில்லை. மூன்றாவதில் வேண்டுமென்றே பழைய தின்னர். ஒரு வாரமாகியும் மெதுமெது. நாலாவது கண்ணளவு, காய்ந்தது, ஆனால் நகம் இறங்குகிறது. ஐந்தாவது சோடா காட்டாத சிரட்டை, அம்மைத் தழும்பு அப்படியே வந்தது.

ஆறாவதுதான் வேடிக்கை. அதுவும் முறைப்படி செய்ததுதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் நாலு குழி, வரிசையாக. யோசித்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில் தங்கை மகளுக்குத் தலை வாரி எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அந்தச் சிரட்டையை எடுத்திருக்கிறேன். நாலு குழியும் என் நாலு விரல்.

பழைய ஆய்வகம் (நவம்பர் 3, பகல் 11.15)

இந்த மாதிரி சோதனை செய்ய ஆய்வகத்தில் சிலருக்குச் சம்பளம் கொடுத்தும் செய்ய மாட்டார்கள். அருமை.

மிச்சம் இருப்பதை எல்லாம் அடித்தபின் ஒரு வாரம் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, முழுதாக இறுகியது என்பது வேறு.

உப்புத்தாள் (நவம்பர் 3, பகல் 12.00)

இரண்டு கோட்டுக்கு நடுவில் 400 தாளில் ஒரு தேய்ப்பு, தூளைத் துடைத்துவிட்டு அடுத்தது. வளைவான சாமான், தடித்து அடித்தால் அடியில் வந்து சொட்டு நிற்கும். மூன்று மெல்லிய கோட் போடுங்கள். கவிழ்த்து வைத்துக் காயவிடும்போது டீ டம்ளர்மேல் வைத்தால் விளிம்பு ஒட்டாது.

கொலுப்படி (நவம்பர் 3, மாலை 4.40)

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கிண்ணத்துக்கு உள்ளே?

குமரிச்சிரட்டை (நவம்பர் 23, இரவு 9.10)

அக்கா, உங்கள் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாண வீட்டில் பேசினேன். "மினுக்கம் வெளியே மட்டும், உள்ளே சாப்பிடுகிற இடம், வெறும் சிரட்டைதான்" என்றேன். பெண்ணின் அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. வெளிப்புறம் டூ கே மூன்று கோட், ஒரு வாரம் இறுகவிட்டு, உள்ளே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துணியால் தேய்த்துக் கொடுத்தேன். சீக்கிரம் சிக்கு வாடை வராத எண்ணெய் இதுதானே. முதலில் பகையாக நின்றதைக் கடைசியில் நானே பூசிவிட்டேன்!

தை மாதத்துக்கு ஒரு விளக்குக் கூடு ஆர்டர் வந்திருக்கிறது. அதற்கு வாட்டர் பேஸ்டு ஒரு சின்ன டின் வாங்கிவிட்டேன், உப்புத்தாள் அண்ணன் கோபிக்க வேண்டாம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

உப்புத்தாள் (நவம்பர் 23, இரவு 9.30)

கோபமெல்லாம் இல்லை. விளக்குக் கூட்டை யார் கழுவப் போகிறார்கள். எல்.இ.டி. பல்பு போடச் சொல்லுங்கள், குண்டு பல்பு என்றால் சூடு.

புதுத்தூரிகை (நவம்பர் 23, இரவு 10.05)

அக்கா, அந்த ஆறாம் சிரட்டையை என்ன செய்தீர்கள்? தேய்த்து மறுபடி அடித்துவிட்டீர்களா?

குமரிச்சிரட்டை (நவம்பர் 24, காலை 7.20)

இல்லை. அலமாரியில் ஹார்டனர் டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பனங்காய் அண்ணன் சொன்ன கோலிக்குண்டெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.